மொட்டை டயர்னு சொன்னாங்க

எங்க அண்ணன் எப்படி செத்திச்சுன்னு எங்க தோட்டத்துல யாரை வேணும்னாலும் கேளுங்க, ரெண்டே வார்த்தையில முடிச்சிருவாங்க. மொட்டை டயர். மழை, வளைவு, வேன் எதுவும் அந்தப் பேச்சுக்குள்ள வராது. செத்த வீட்டுக்கு வந்தவங்க பால் போடாத பிளேன்டி குடிச்சுக்கிட்டே அதைத்தான் சொன்னாங்க. கருமாதிக்கு வந்தவங்க அதைக் கேட்டுக்கிட்டுப் போனாங்க. இப்ப தூரத்துத் தோட்டத்துல இருக்கிற சொந்தக்காரங்க கூட போன் எடுத்து, "பாவம், மொட்டை டயராமே"ங்கிறாங்க.

நான் ஒம்பதாம் வகுப்போட ஸ்கூலை விட்டவ. வாயால கதைக்கிற மாதிரிதான் எனக்கு எழுத வரும். அந்த டயரைப் பத்தித்தான் எழுதப் போறேன். அது மொட்டை இல்ல.

அண்ணன் கண்டிப் பக்கம், வெள்ளைக்காரங்களுக்கு சைக்கிள் வாடகைக்கு விடுற ஒரு இடத்துல வேலை செஞ்சிச்சு. அவங்களைக் கூட்டிக்கிட்டு ஹந்தானை மலைப் பாதையில, தேயிலைக்குள்ள எல்லாம் போகும். அங்க ஓடி ஓடி தேஞ்சு போன ஒரு மலை சைக்கிளை முதலாளி கழிச்சுக் குடுத்திருந்தாரு. செவப்புக் கலரு. பாதி இடத்துல பெயின்ட் இல்ல. லீவு கெடைச்சா அண்ணன் பஸ்ஸுல வராது, அதுலதான் வரும்.

கண்டியில இருந்து பேராதெனிய, கலஹா, தெல்தோட்டைன்னு முழுக்க தார் ரோடு. அதுல முக்கால்வாசி ஏத்தம். தெல்தோட்டை தாண்டி எங்க தோட்டத்து டிவிசனுக்குத் திரும்புனா தார் முடிஞ்சிரும். அதுக்கப்புறம் கல்லும் சேறும்தான். மழை பெஞ்சா ஓரத்துத் தண்ணிக் கான் மாதிரி ரோடே ஓடும். இந்த ரெண்டு ரோட்டுக்கும் ஒரே சைக்கிள். எந்த டயரைப் போடுறதுன்னுதான் அண்ணனுக்கு எப்பவும் யோசனை.

மொதல்ல ரெண்டு சக்கரத்துக்கும் பெரிய பல்லு டயர் போட்டுக்கிட்டு வந்திச்சு. நாங்க பல்லுன்னுதான் சொல்லுவோம், டயர்ல கட்டி கட்டியா ரப்பர் துருத்திக்கிட்டு இருக்கும்ல, அது. வந்து எறங்குனப்ப முகம் செத்துப் போயிருந்திச்சு. "பேராதெனியில இருந்தே டயரு ங்ங்ங்னு அழுதுகிட்டே வந்திச்சு புள்ள. யாரோ பின்னாடி நின்னு சட்டையைப் புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு"ன்னு சொன்னிச்சு. தார் ரோட்டுல அந்தப் பல்லு ஒவ்வொண்ணும் மடங்கி மடங்கி எந்திரிக்குமாம். நம்ம மிதிக்கிற பலத்துல பாதியை அதுவே தின்னுருமாம்.

அடுத்த தடவை ரெண்டுக்கும் வழுவழுன்னு ஒண்ணைப் போட்டுக்கிட்டு வந்திச்சு. தெல்தோட்டை வரைக்கும் பறந்து வந்திச்சாம். எங்க கல்லு ரோட்டுல ஏறுன கையோட முன் சக்கரம் சறுக்கி, தேயிலைச் செடிக்குள்ள விழுந்து, முழங்கை எல்லாம் சிராய்ப்பு. அம்மா மஞ்சள் அரைச்சுப் போட்டுக்கிட்டே ஏசிச்சு.

"பொண்ணு பாக்கப் போறவன் கூட இவ்வளவு யோசிக்க மாட்டான். டயரு பாக்குறானாம் டயரு."

"பொண்ணு சரியில்லன்னா சமாளிச்சுக்கலாம்மா. டயரு சரியில்லன்னா கான்லதான் கெடக்கணும்."

இதை அண்ணன் சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னிச்சு. நாங்களும் சிரிச்சோம்.

அதுக்கப்புறம் ரெண்டையும் கலந்து போட்டிச்சு. முன்னுக்கு பெரிய பல்லு, எட்ட எட்ட இருக்கிறது, சேறு அடையாது. பின்னுக்கு நடுவுல சின்னச் சின்னப் பல்லு, சோளமுத்து மாதிரி நெருக்கி நெருக்கி. ரெண்டு ஓரத்துல மட்டும் கொஞ்சம் பெரிய பல்லு, வளைவுல சாயிறப்ப புடிக்கிறதுக்கு. எட்ட நின்னு பாத்தா பின் டயர் வழுவழுன்னு இருக்கிற மாதிரித்தான் தெரியும். கிட்ட போய் தடவுனாத்தான் தெரியும்.

நான்தான் சக்கரத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னேன், அண்ணன் டயரை ஏத்துனப்ப. ஏன் முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணுன்னு கேட்டேன்.

"முன் டயர் வழுக்குனா நீ கீழ. யோசிக்க நேரம் இருக்காது. பின் டயர் வழுக்குனா கொஞ்சம் வாலை ஆட்டிட்டு நேராகிரும். அதனால முன்னுக்கு புடிக்கணும், பின்னுக்கு ஓடணும். நம்ம பாரம் எல்லாம் பின்னுக்குத்தானே, அதுல பல்லைப் போட்டா ஏத்தத்துல சாக வேண்டியதுதான்."

"மழை பெஞ்சா?"

"சேத்துக்குப் பல்லு வேணும். தாருக்கு வேணாம். ஈரத் தார்ல டயரு எவ்வளவு ஒட்டுதோ அவ்வளவு புடிக்கும். பல்லு பெருசா இருந்தா நுனி மட்டும்தானே படும். குதிகால் செருப்போட ஈரச் சீமெந்துல நடந்து பாரு."

உள்ள இருந்து அம்மா, "வாழ்க்கையில எது முன்னுக்கு எது பின்னுக்குன்னு தெரியல, டயர்ல மட்டும் தெரியுது தொரைக்கு"ன்னிச்சு.

அண்ணன் நகத்தால பல்லை அழுத்திக் காட்டும். நகம் பதிஞ்சு மெல்ல எழும்புனா மெதுவான ரப்பர், புடிக்கும், ஆனா சீக்கிரம் தேயும். பதியலன்னா ஓடும், புடிக்காது. காத்தையும் அப்படித்தான், கல்லு ரோட்டுக்கு ஏறுறதுக்கு முன்னால கொஞ்சம் எறக்கும், தாருக்கு வந்ததும் நின்னு அடிச்சுக்கும். இதெல்லாம் நான் படிக்கணும்னு படிக்கல. வீட்டுல வேற பேச்சு இல்ல, அதனால காதுல விழுந்திச்சு.

அந்த பின் டயரைப் புதுசா வாங்கிப் போட்டு கொஞ்ச நாள்தான். லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்பிப் போறதுக்கு காலையில எறங்குனிச்சு. தூத்தல் மழை. கல்லு ரோடெல்லாம் நல்லபடியா எறங்கி தாருக்கு வந்து, தண்ணி டேங்கிக்குப் பக்கத்து வளைவுல ஸ்கூல் வேன் அடிச்சிருச்சு.

அந்த வேன் மொத நடையைக் கீழ எறக்கிட்டு, எங்க லயத்து வரிசை வீட்டுப் புள்ளைங்களை ஏத்த வெறும் வேனா மேல வந்துக்கிட்டு இருந்திச்சு. ஓட்டுறவரு எங்க டிவிசன் ஆளுதான், லயத்துல கடைசி காம்பிராவுல குடியிருக்காரு. நாங்க வேன்கார அண்ணன்னுதான் கூப்பிடுவோம். பிந்திப் போச்சுன்னா அவரு அந்த வளைவை வளைவா எடுக்க மாட்டாரு. குறுக்கால வெட்டி எடுப்பாரு. ஹோர்ன் அடிக்க மாட்டாரு. அந்த நேரத்துல எதுக்க யாரு வரப் போறாங்கன்னு நெனப்பு. இது எல்லாருக்கும் தெரியும். வேனுக்குள்ள இருக்கிற புள்ளைங்களே வீட்டுல வந்து வளைஞ்சு வளைஞ்சு நடிச்சுக் காட்டும்.

சேதி கேட்டு நான் ஓடிப் போய் பாத்தேன். அண்ணன் கெடந்தது எறக்கத்துல போறவங்க பக்கத்துக் கான்ல. அண்ணன் போக வேண்டிய பக்கம்தான். வேனோட மூக்கும் அந்தப் பக்கம்தான் இருந்திச்சு. சைக்கிளோட முன் சக்கரம் அப்பளம் மாதிரி மடங்கிக் கெடந்திச்சு. முன் டயர் கிழிஞ்சு போச்சு. பின் சக்கரம் ஒண்ணும் ஆகல. மேலால தூக்கிக்கிட்டு இருந்திச்சு, அப்பவும் மெல்ல சுத்திக்கிட்டுத்தான் இருந்திச்சுன்னு எனக்கு ஞாபகம். அவ்வளவு நேரமா சுத்தும்னு அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். சுத்தாதுதான். எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கு.

பொலிஸ் வந்தப்ப வேன்கார அண்ணன் அழுதாரு. அது நடிப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அழுதுக்கிட்டே அந்தப் பின் சக்கரத்தைக் கையால புடிச்சுக் காட்டுனாரு. "இங்க பாருங்க சேர். டயரு மொட்டை. பிரேக் புடிச்சான், பின்னுக்கு வழுக்கிருச்சு, நேரா வந்து வேன்ல விழுந்துட்டான்."

பொலிஸ் ராலாமி குனிஞ்சு பெருவிரலால ஒரு இழு இழுத்தாரு. அவருக்கு தமிழ் கொஞ்சம்தான். "ஆ, மொட்டை"ன்னாரு. அவ்வளவுதான். அந்த வார்த்தை அங்க பொறந்திச்சு.

அடிபட்டது முன்னுக்கு. குத்தம் பின்னுக்கு. இதை ஒருத்தரும் கேக்கல.

கேக்காததுக்குக் காரணம் எனக்குத் தெரியும். எங்க டிவிசனுக்கு அந்த ஒரு வேன்தான் வருது. அவரு உள்ள போயிட்டா புள்ளைங்க மழையில நடக்கணும். பக்கத்து காம்பிரா அக்கா வாயாலயே சொன்னிச்சு, அதுவும் எங்க வீட்டு அடுப்புக்கிட்ட உக்காந்துக்கிட்டு. "செத்தவன் வரப் போறதில்ல. வேனை நிப்பாட்டுனா என் ரெண்டும் ஸ்கூல் போகாது. அவருக்கும் புள்ளகுட்டி இருக்கு. என்னா செய்ய, டயரு மொட்டையா இருந்திருக்கு." இந்த நாலையும் அது ஒரே மூச்சில சொன்னிச்சு. நான் அடுப்பை ஊதிக்கிட்டே இருந்தேன்.

கேஸ் நடத்துறீங்களான்னு பொலிஸ்ல அம்மாகிட்ட கேட்டாங்க. அம்மா வேணாம்னுருச்சு. அதோட விபத்துன்னு முடிஞ்சிச்சு.

சைக்கிளைத் திருப்பிக் குடுத்தப்ப நான்தான் தள்ளிக்கிட்டு வந்தேன், முன் சக்கரத்தைத் தூக்கிக்கிட்டு, பின் சக்கரத்துல உருட்டி. வீட்டுல வச்சுக் கழுவுனேன். சேறு போனதும் பின் டயரோட ஓரத்துல முடி முடியா கையில பட்டிச்சு. புது டயரைப் பாத்திருக்கீங்களா? அச்சுல இருந்து வர்றப்ப ரப்பர் முடி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். நடுவுல இருக்கிறது ஓட ஓட சீக்கிரம் போயிரும். ஓரத்துல கொஞ்ச நாளைக்கு இருக்கும். அது அப்படியே இருந்திச்சு, பூனை மீசை மாதிரி.

பக்கத்து காம்பிரா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். "பாருங்கக்கா. புது டயரு. முடி இருக்கு."

"அதெல்லாம் எங்களுக்கு என்னா தெரியும் புள்ள"ன்னு துணியைக் காயப் போடப் போயிருச்சு. துணி அது கையில இல்லவே இல்ல.

அம்மாகிட்ட காட்டுனேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கிச்சு.

அண்ணன் சம்பளம் இல்லாம அம்மா கொழுந்து எடுக்கிற சம்பளம் மட்டும் எப்படிப் பத்தும். தெல்தோட்டை டவுன்ல ஒரு பேக்கரியில என்னை எடுத்தாங்க. பாண் போடுற இடம், வெள்ளன போகணும். எங்க பக்கம் மொத பஸ் வர்றப்ப பாண் வித்தே முடிஞ்சிரும். சைக்கிள்ல போறேன்னு சொன்னேன். அம்மா காலையில பேர் குடுக்குற பிரட்டுக்குப் போறதுக்கு கொழுந்துக் கூடையை எடுத்தது, அப்படியே கீழ வச்சிருச்சு.

"அந்த மொட்டை டயரோட இந்த வாசல்ல இருந்து எறங்கக் கூடாது."

"அது மொட்டை இல்லம்மா."

"ரெண்டுக்கும் பெரிய பல்லுப் போடு. போட்டுட்டுப் போ. இல்லன்னா வேலை வேணாம்."

எனக்கு வந்த கோவம். கொடுமை என்னன்னா, டயரை மாத்துறது எனக்குப் பெரிய விசயமே இல்ல. ஆனா மாத்துனா என்ன அர்த்தம்? அண்ணன் தப்பான டயரைப் போட்டுச்சு, தங்கச்சி புத்தியா சரியானதைப் போட்டுக்கிட்டான்னு அர்த்தம். எங்க டிவிசன் முழுக்க அதைப் பாக்கும். பாத்துட்டு நிம்மதியாத் தூங்கும். அம்மாவும் அவங்களோட சேந்துக்கிச்சேன்னு நெனச்சேன். ஆனா வேலையை விட ஏலாது. ரெண்டு சக்கரத்தையும் கழட்டிக்கிட்டு கண்டி பஸ்ல ஏறுனேன். முன் சக்கரத்தோட ரிம்மை டவுன்ல ஒரு கராஜ்ல ஓரளவு நிமித்தி வச்சிருந்தாங்க.

பஸ்ல கண்டக்டர் பாத்துட்டு, "என்னா தங்கச்சி, சக்கரத்தைக் கையில வச்சுக்கிட்டு பஸ்ல வர்றீங்க. ஓட்டிக்கிட்டு வந்திருக்கலாமே"ன்னாரு.

"மத்த பாதி வீட்டுல இருக்கு."

"அப்ப பாதி டிக்கெட் போதும்"னு சொல்லிட்டு முழு டிக்கெட்தான் கிழிச்சாரு.

கண்டி டவுன்ல அண்ணன் டயர் வாங்குற கடை எனக்குத் தெரியாது. மார்க்கெட் பக்கம் கண்ணுல பட்ட ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். இருக்குங்கிறதை ஈக்கின்னு கதைக்கிற மடவளை முஸ்லிம் ஆளு ஒருத்தரு முதலாளி, வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு, டியூப்பைத் தண்ணியில அமுக்கிக்கிட்டு இருந்தாரு.

"வாங்க மகள். என்ன வேணும்?"

"ரெண்டுக்கும் பெரிய பல்லு டயரு. இருபத்தாறு இஞ்சி."

"எங்க ஓடுறீங்க?"

"தெல்தோட்டை. கொஞ்சம் கல்லு ரோடு. மத்தது தாரு."

"அப்ப முன்னுக்கு மட்டும் பல்லுப் போடுங்க. பின்னுக்கு ஈக்கிறது நல்லாத்தானே ஈக்கி. ஏன் மாத்துறீங்க?"

"மொட்டை."

"யாரு சொன்ன?"

"எல்லாரும்."

அவரு சக்கரத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாரு. ஓரத்தை விரலால தடவினாரு. "மகள், இங்க பாருங்க. இன்னம் முடி கூட கொட்டல்ல. முடி ஈக்கிற டயர மொட்டைன்னு சொன்ன ஆள நானும் ஒருக்கா பாக்கணும்."

சொல்லிட்டுச் சிரிச்சாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான் கடைக்குள்ள தொங்குற செயினைப் பாத்துக்கிட்டு நின்னேன். அண்ணன் செத்ததுல இருந்து ஒரு ஆளு வாயில இருந்து இதை நான் கேட்டதில்ல. கேட்டது ஒரு தெரியாத மனுசன் வாயில, அதுவும் பகிடியா.

"அம்மா மாத்தச் சொல்லிட்டாங்க"ன்னேன்.

"உம்மா சொன்னா பேச்சில்ல"ன்னு எந்திரிச்சு மேல இருந்து டயருகளை எறக்கிப் போட்டாரு.

முன்னுக்கு நான் பாத்துத்தான் எடுத்தேன். பல்லு எட்ட எட்ட இருக்கான்னு பாத்தேன். நகத்தால அழுத்திப் பாத்தேன். ஒண்ணு கல்லு மாதிரி இருந்திச்சு, வேணாம்னேன். இன்னொண்ணுல நகம் பதிஞ்சு மெல்ல எழும்புனிச்சு. அதுதான். முதலாளி தலையை ஆட்டினாரு. எந்தப் பக்கம் சுத்தணும்னு டயர்ல அம்புக்குறி இருக்கும், அதைப் பாத்துப் போடணும்னு சொன்னாரு. தெரியும்னேன். பின்னுக்கு நான் ஒண்ணும் பாக்கல. கையில வந்ததை எடுத்தேன். அண்ணனோட டயரைக் கழட்டி தோள்ல போட்டுக்கிட்டு வந்தேன்.

பல்லு டயரோட ஓட்டுனேன். எறக்கத்துல போறப்பவே சைக்கிள் ங்ங்ங்னு அழுதிச்சு. வேலை முடிஞ்சு ஏத்தத்துல வர்றப்ப அண்ணன் சொன்னது சரியாத்தான் இருந்திச்சு, யாரோ பின்னாடி நின்னு சட்டையைப் புடிச்சு இழுத்தாங்க. நாள் முழுக்க பாண் தட்டு தூக்கிட்டு அந்த ஏத்தத்துல மிதிக்கிறப்ப அழுகையா வரும். கொஞ்ச நேரத்துல எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் வருவேன்.

ஆனா பாருங்க, என்னைப் பாத்தா எல்லாருக்கும் சந்தோசம். "ஆ, இப்பதான் சரி." "இந்த மாதிரி டயரு போடணும் புள்ள." டயரைத் தடவிப் பாக்குறாங்க. அண்ணன் உசுரோட இருந்தப்ப ஒருத்தரும் அந்த சைக்கிளைத் திரும்பிப் பாத்ததில்ல.

ஒரு நாள் காலையில நான் பிந்திட்டேன், லயத்து முன்னால வேன் நின்னுச்சு. புள்ளைங்க ஏறிக்கிட்டு இருந்திச்சுங்க. நான் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு அதைத் தாண்டணும். வேன்கார அண்ணன் கண்ணாடி வழியா தலையை நீட்டினாரு. அந்த சாவுக்கு அப்புறம் எங்கிட்ட அவரு பேசுறது அதுதான் மொத தடவை.

"நல்ல டயரு தங்கச்சி. அவனும் இதைப் போட்டிருந்தா இன்னைக்கு..."

"முன்னுக்கு அடிச்சிட்டு ஏன்ணே பின்னுக்கே பாக்குறீங்க?"

நான் சத்தம் போடல. சாதாரணமாத்தான் கேட்டேன். வேனுக்குள்ள புள்ளைங்க கதைக்கிறதை நிப்பாட்டிருச்சுங்க. பக்கத்து காம்பிரா அக்காவோட சின்னது மட்டும், "எதை அடிச்சாங்க?"ன்னு பக்கத்துல இருந்ததுகிட்ட கேட்டிச்சு. அவரு கண்ணாடியை ஏத்திக்கிட்டாரு. அன்னைக்கு அந்திக்கு அந்த அக்கா வந்து அம்மாகிட்ட சொன்னிச்சு, "உங்க மகளுக்கு வாய் நீளமாகிப் போச்சு. புள்ளைங்க முன்னால என்ன பேச்சு." அம்மா என்னை ஏசல.

அடுத்து மழை ஒண்ணு புடிச்சிச்சு. டேங்கி வளைவுல நான் மெதுவாத்தான் எறங்குனேன், அந்த இடத்துல எப்பவும் மெதுவாத்தான் போவேன். பின் பிரேக்கை லேசாத்தான் தொட்டேன். பெரிய பல்லு ஈரத் தார்ல நிக்கல. பின் சக்கரம் ஓரமா வழுக்கிப் போய், வாலை ஆட்டி, அப்புறம் நேராகிருச்சு. நான் விழல. முன் டயர் புடிச்சிக்கிச்சு. அண்ணன் டயரை ஏத்திக்கிட்டே சொன்ன மாதிரியே, ஒண்ணு விடாம.

சைக்கிளைக் கான் ஓரத்துல சாத்திட்டு அங்கேயே நின்னேன். இந்த டயர்தான் நல்ல டயராம். இது வழுக்குது. அது வழுக்கிருச்சுன்னு எங்க அண்ணனைப் புதைச்சாங்க. சரி, அப்படியே அது வழுக்கியிருந்தாலும் வாலை ஆட்டிட்டு நேராகியிருக்கும். எதுக்க வேன் இல்லன்னா.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட அழாம சொல்லணும்னு நெனச்சேன். முடியல. "உங்க பல்லு டயர்தாம்மா வழுக்குது. அண்ணன் டயரு மேல ஒரு குத்தமும் இல்ல. உங்களுக்கும் அது புரிய மாட்டேங்குதே"ன்னு கத்திட்டேன்.

அம்மா கொழுந்து எடுத்து கறுத்துப் போன விரலை எலுமிச்சம்பழத் தோலால தேச்சுக்கிட்டு இருந்திச்சு. நிப்பாட்டல.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"முடி இருந்திச்சு. நீ காட்டுறதுக்கு முன்னாலயே தெரியும். அவன் புதுசா போட்டுக்கிட்டு வந்த அன்னைக்கே எங்கிட்ட காட்டுனான். தொட்டுப் பாரும்மா, மீசை வச்சிருக்குன்னான்."

எனக்கு அது தெரியாது. அண்ணன் அதை எனக்குக் காட்டல.

"அப்ப ஏன்மா?"

அம்மா அடுத்த விரலைத் தேச்சிச்சு. "டயர்னு இருந்தா அது அவனோட போயிரும் புள்ள. வேன்னு இருந்தா தினம் விடிஞ்சா நம்ம வாசல்ல வந்து நிக்குது. நான் அதைத் தாண்டித்தான் மலைக்குப் போகணும். அவரு பொண்டாட்டியும் நானும் ஒரே நிரையிலதான் கொழுந்து எடுக்கிறோம். நான் என்னா செய்ய? தினம் அதுகளைப் பாத்து எரிய எனக்கு ஒடம்புல சத்து இல்ல."

அம்மா மேல எனக்கு இருந்த கோவம் அன்னைக்குப் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். இப்பவும் இருக்கு. எரிய சத்து இல்லன்னா குத்தத்தை செத்துப் போன மகன் தலையில வைக்கிறதா. ஆனா அதுக்கப்புறம் அதோட முகத்தைப் பாத்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரல.

அடுத்த லீவு நாள் வாசல்லயே சைக்கிளைக் கவுத்துப் போட்டேன். வெயில் நல்லா அடிச்சிச்சு, எல்லாரும் துணி துவைக்கிற நேரம். பின் சக்கரத்துல இருந்து பல்லு டயரைக் கழட்டினேன். அண்ணன் டயரை எடுத்து, அம்புக்குறி பாத்து ஏத்துனேன். ஓரத்தை நெம்பக் கரண்டி போடாம கையாலயே அமுக்கி அமுக்கி ஏத்துனேன், பெருவிரல் செவந்து போச்சு. போற வர்றவங்க பாத்தாங்க. பக்கத்து காம்பிரா அக்கா, "திரும்ப அந்த மொட்டையா?"ன்னு கேட்டிச்சு. "ஆமாக்கா"ன்னேன். மொட்டை இல்லன்னு சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப் போச்சு.

அம்மா இந்தத் தடவை வாசல்ல இருந்து எறங்கக் கூடாதுன்னு சொல்லல. அன்னைக்கு அந்திக்கு சைக்கிளைத் தொடைக்கிறேன்னு பழைய துணியை எடுத்துக்கிட்டுப் போச்சு. ரிம்மைத் தொடச்சிச்சு, கம்பியைத் தொடச்சிச்சு, டயரோட நடுவைத் தொடச்சிச்சு. அந்த ஓரத்துக்கு வந்ததும் துணியை எடுத்திருச்சு.

அந்த முடி எத்தனை நாளைக்கு இருக்கும்னு தெரியல. தொடைக்காம விட்டாலும் கல்லு பட்டு, சேறு பட்டு, வளைவுல சாஞ்சு போயிரும். நடுவுல இருக்கிற சோளமுத்துப் பல்லும் தேயும். நான் ஓட்ட ஓட்ட அது நெசமாவே மொட்டையாகும். அப்ப அவங்க சொன்னது சரியாப் போயிரும். ஓட்டாம சுவத்துல மாட்டி வச்சா அப்படியே இருக்கும், ஆனா யாரு வந்து பாக்கப் போறா. அதனால ஓட்டுறேன். அது ஏத்தத்துல என்னைப் புடிச்சு இழுக்கிறதில்ல. சத்தமும் போடுறதில்ல.

சத்தம் போடாததால இப்ப எனக்கு மத்த சத்தம் எல்லாம் கேக்குது. வெள்ளன நான் கல்லு ரோடு எறங்கி தாருக்கு வர்றப்ப, கீழ வேன் ஏறி வர்ற சத்தம் கேக்கும். டேங்கி வளைவு வர்றதுக்கு முன்னாலயே அவரு ஹோர்ன் அடிப்பாரு. ஒரு தடவை இல்ல, கையை எடுக்காம அமுக்கிக்கிட்டே வருவாரு. வளைவை இப்ப வெட்டுறதில்ல, ஓரத்தோட ஓரமா சுத்தி வர்றாரு. நான் அண்ணன் விழுந்து கெடந்த பக்கத்துல, கான் ஓரமா நின்னு வழி விடுவேன். அவரு என்னைப் பாக்க மாட்டாரு.

எங்க லயம் வரைக்கும் அந்த ஹோர்ன் கேக்கும். பிரட்டுக்குப் போறதுக்குக் கூடையை மாட்டிக்கிட்டு இருக்கிற எல்லாருக்கும் கேக்கும். டயர்தான் மொட்டைன்னா எதுக்கு ஹோர்ன்னு இன்னும் ஒருத்தரும் கேக்கல.